மேகம் என்று எழுதிய தாள்

அந்தக் காரின் முகப்பு விளக்கை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. டி. கல்லுப்பட்டிக்கு வெளியே, கடலை பிடுங்கிய காட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து மல்லாந்து கிடந்தோம். மார்கழி பிறக்கப் போகிற சமயம். எரிநட்சத்திரங்கள் நிறைய விழும் இரவு. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாவது ஆகும். பழகி முடிந்த நேரம் பார்த்து எங்கள் துறைத்தலைவர் ஏசி காரில் வந்து, முழு வெளிச்சத்தையும் எங்கள் முகத்தில் அடித்து, "எத்தனை விழுந்துச்சு?" என்றார்.

"போச்சு, மறுபடி முதல்ல இருந்து" என்று லேப் அக்கா முணுமுணுத்தார். எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் உதவியாளர் அவர். வானம் பார்க்கும் வேலையில் துறையில் இருந்த எல்லாரையும்விடச் சுத்தம். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்க டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுவார். ஒரே இடத்தை முறைக்காமல் வானத்தைப் பரவலாகப் பார்ப்பார். பக்கத்துப் பாயில் யாராவது "அந்தா!" என்று கத்தினால் அதைத் தன் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார், தன் கண்ணில் பட்டது மட்டும்தான். தாளைப் பார்த்து எழுதிய நேரத்தைக்கூடக் கணக்கில் கழிப்பார். மல்லாந்தபடி எழுதினால் பேனாவில் மை இறங்காது என்பதால் எல்லாருக்கும் பென்சில். "பாத்ததை எழுதணும், பாக்கலைன்னா பாக்கலைன்னு எழுதணும். அம்புட்டுத்தான் சார் வேலை" என்பார்.

அன்று அவர் தாளில் முதல் இரண்டு மணி நேரத்துக்கு முப்பத்தொன்று. அப்புறம் மேற்கேயிருந்து மேகம் ஏறி மூடிக்கொண்டது. நேரத்தைக் குறித்து, 'மேகம்' என்று எழுதினார். குளிரில் இருமிக்கொண்டே விடியும்வரை கிடந்தார், மேகம் விலகவேயில்லை. துறைத்தலைவர் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்திரிகைக்குச் செய்தி போக வேண்டும். "முப்பத்தொண்ணுன்னா எவன் போடுவான்? நூறாச்சும் வேணும்யா. இந்த மேகம் கீகமெல்லாம் எடுத்துரு" என்று தாளை என்னிடம் தள்ளினார். நான் அப்போது தற்காலிக விரிவுரையாளர்; என் வேலையை நீட்டிக்க அவர் கையெழுத்து வேண்டும். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த அருவருப்புக்கு அளவில்லை. ஆனாலும் ரப்பரை எடுத்தது என் கைதான். அக்காவின் எழுத்தைப் போலவே நூற்றுநாலு என்று எழுதினேன். நம்பும்படி இருக்கட்டும் என்று அந்த நாலை நானாகவே சேர்த்தேன். அவர் கேட்காத அயோக்கியத்தனம் அது.

செய்தி அக்காவின் பெயரோடு வந்தது. பேப்பரும் கையுமாக என் மேசைக்கு வந்தார். "மேகம்னு எழுதியிருந்தேனே சார், அதை யாரு அழிச்சா?" தெரியாது என்றேன். பேப்பரை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்த வருடமும் அவர் வானம் பார்க்க வரவில்லை.

துறைத்தலைவர் தன் ஓய்வு விழாவில் அந்த நூற்றுநாலைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். இப்போது என் வேலை நிரந்தரம். 'மேகம் இருந்தால் மேகம் என்று எழுதுங்கள்' என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான்தான். சொல்லி முடித்ததும் காறித் துப்பத் தோன்றுகிறது, என் மேலேயே.

இந்த வருடம் பொறுக்க முடியாமல் திருப்பரங்குன்றத்தில் அக்கா வீட்டுக்கே போனேன். அழித்தது நான்தான் என்று சொன்னேன். "அன்னைக்கே தெரியும் சார்" என்றார். எங்களோடு மறுபடியும் வர வேண்டும் என்று கேட்டேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"வாரேன் சார். ஆனா என் தாளை உங்க கையில தர மாட்டேன்."