றோசாலியின் சுவிட்ச்சும் ஜம்போ பொதிகளும்

பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே போனும் இன்டர்நெட்டும் வாடகைக்குக் கிடைக்கும் கொமியூனிகேஷன் கடை நடத்தும் றோசாலிக்குச் சிரிக்கத் தெரியாது என்பார்கள். பொய். அக்கா புருஷன் அந்தோனி கால் தடுக்கி விழுந்தால் சிரிப்பாள். அந்தச் சத்தத்தில் நமுனுகுல மலையில் மேகம் கலையும்.

தகப்பன் பொன்னையா சாகும்போது கீழ்க்கடையை றோசாலிக்கும் மேல்மாடியையும் கீழ்ப் பின்னறையையும் மூத்தவள் ஜெசிந்தினிக்கும் கொடுத்தார். மாடியில் அந்தோனி கல்யாண வீடியோ ஸ்டூடியோ போட்டான். எல்லாக் கம்ப்யூட்டர் வயர்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை மட்டும் யாருக்கென்று சொல்லாமல் கண்ணை மூடிவிட்டார். அது றோசாலியின் கடையில், மாதா படத்துக்கு அடியில், பூட்டிய கூண்டுக்குள் இருந்தது. சாவி அவள் கழுத்துச் செபமாலையில் தொங்கியது. அன்றிலிருந்து மச்சானும் கொழுந்தியாளும் பேசியதில்லை. பேச்செல்லாம் ஜெசிந்தினி வழியாகத்தான்.

ஒரு சனிக்கிழமை ஹாலிஎலவில் கல்யாணம். காலையில் கோயிலில் எடுக்கும் படத்தை மாலை விருந்திலேயே திரையில் காட்டுவதாக அந்தோனி வாக்குக் கொடுத்திருந்தான். காட்டிவிட்டால் மண்டபக்கார ஹாஷிம் தன் மண்டபத்துக் கல்யாணங்களையெல்லாம் அவனுக்கே தருவார்.

எடுத்து வந்த வீடியோ மாடிக் கம்ப்யூட்டரிலிருந்து, படம் வெட்டி ஒட்டும் கீழ்ப் பின்னறைக் கம்ப்யூட்டருக்கு இறங்க வேண்டும். சின்னச் சின்னப் பொதியாகப் போவதை ஜம்போ என்ற பெரிய பொதியாக அனுப்பினால் வேகம் கூடும் என்று அந்தோனி எங்கோ பார்த்திருந்தான். இரண்டு கம்ப்யூட்டரிலும் அப்படியே மாற்றினான். நடுவில் இருக்கும் சுவிட்ச்சிலும் மாற்ற வேண்டும். அதற்கு அது ஒருமுறை அணைந்து எழும்ப வேண்டும்.

ஜெசிந்தினி கீழே வந்தாள். "அடியே, கொஞ்ச நேரம் அதை அமத்தணுமாம்."

"புள்ளைங்க பரீட்சை விண்ணப்பம் அனுப்ப வரிசையில நிக்கிது. அவரே எறங்கி வந்து இவங்க முன்னால கேக்கட்டும். அமத்துறேன்."

மாடியிலிருந்து பதில் வந்தது: "அவகிட்ட கேக்குறதுக்குப் பதிலா நான் மீசையையே எடுத்துருவேன்னு சொல்லு!"

"எடுத்தா மொகத்துல என்னா மிஞ்சும்னு கேளு!"

அந்தோனி சுவிட்ச்சைத் தொடாமலே அனுப்பிப் பார்த்தான். பின்னறைத் திரையில் கோப்புகளின் பெயர்கள் வந்தன. "பாத்தியா, போகுது!" என்று குதித்தான். பெயர்கள் சின்னப் பொதி, அதனால் போயின. வீடியோ பெரிய பொதி. சுவிட்ச் அதை மூச்சுக் காட்டாமல் வழியிலேயே தொலைத்துக்கொண்டிருந்தது. மதியம் தாண்டியும் ஒரு துண்டு இறங்கவில்லை. பழையபடி சின்னப் பொதிக்கு மாற்றவும் அவனுக்கு மனம் வரவில்லை.

"டிஸ்க்ல போட்டுக் குடுங்க, நான் கையில கொண்டு போறேன்" என்றாள் ஜெசிந்தினி.

"அப்ப அவ ஜெயிச்ச மாதிரி ஆயிராதா?"

பொழுது சாயத் தொடங்கியபோதுதான் டிஸ்க் கை மாறியது. பாதிப் படம்தான் முடிந்தது.

மண்டபத்தில் மணப்பெண் திரையில் நடந்து வந்தாள். கோயில் வாசலில் காலெடுத்து வைத்தாள். அங்கேயே நின்றுபோனாள்.

"என்னாங்க, பொண்ணு உள்ள வர மாட்டேங்குதா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

முதலில் சிரித்தது, தானும் அழைப்பு வாங்கி வந்து பின்வரிசையில் புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த றோசாலி. ஹாஷிம் அந்தோனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த கல்யாணத்தைப் பண்டாரவளைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்தார்.

அந்தோனி தனக்கென்று புது சுவிட்ச் வாங்கி, வயரை வெளிச்சுவர் வழியாகப் பின்னறைக்கு இறக்கினான். இப்போது ஜம்போ பறக்கிறது, அனுப்பத்தான் கல்யாணமில்லை. றோசாலி அந்த வயர்மேல் தினமும் ஈரத் துணி காயப்போடுகிறாள்.