சுடாத காபி

அறுபதுகளின் நடுவில், செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் நடந்தது இது. அவலூர்பேட்டையில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தது.

என் நைனா டாக்டர். ஞாயிறு வந்தால் போதும், மருந்துப் பெட்டியோடு மண்டகப்பட்டுப் பக்கம் போய், தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு வருவார். காலணா வாங்கமாட்டார். ஊரே கையெடுத்துக் கும்பிடும். ஆனால் எங்கள் வீட்டில் பெண் எடுக்க மட்டும் யாருக்கும் மனசு வராது. இரண்டு இடம் அப்படித்தான் தட்டிப் போயிருந்தது. அதனால் அந்த ஞாயிறு அம்மா கெஞ்சிக் கூத்தாடி அவரை வீட்டில் நிறுத்தி வைத்தாள். பேசாமல் போக விட்டிருக்கலாம்.

நான்தான் காபி கொண்டுபோனேன். டம்ளர் கொதித்தது. எல்லாரும் விளிம்பைப் பிடித்து ஊதிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் அம்மா மட்டும் உள்ளங்கை முழுக்க அழுத்திப் பிடித்தபடி சாவகாசமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று. நைனாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். "வேண்டாம் நைனா" என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் பார்க்கவே இல்லை.

அந்த அம்மாவையும் அவர் கணவரையும் தன் அறைக்கு அழைத்துப் போனார். "பயப்படாதீங்க. மாத்திரை சாப்ட்டா சரியாயிடும். விரலு மடங்குறதுக்குள்ள வந்துடுங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்த நிமிஷம் அந்த மனிதர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "இன்னாய்யா டாக்டரு நீ? பொண்ணு பாக்க வந்தா, எங்களுக்கே குஷ்டம்னு சொல்றியா? ஒன் வூட்லதான்யா அது இருக்குது!"

காபி பாதியில் நின்றது. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு என்னைக் கேட்டு யாருமே வரவில்லை. நைனா மறு ஞாயிறும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூட வேலைக்குப் போய், பல வருஷம் கழித்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பையை மணிக்கட்டில் மாட்டியிருந்தார். என்னைக் கண்டதும் மடங்கிப்போன விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். மாத்திரை சாப்பிடவே இல்லை என்று புரிந்தது.

நைனா செய்தது சரிதான் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் என் கல்யாணத்தைக் கொடுத்தும் அந்த விரல்களைக் காப்பாற்ற முடியவில்லையே என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.