ஒரு சினைப்பையும் ஒரு ஆடி மாதமும்

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். கல்லூரியில் படிக்கும்போது இடப்பக்கச் சினைப்பையில் கட்டி வந்து முறுக்கிக்கொண்டது, எடுத்துவிட்டார்கள், மிச்சம் இருப்பது வலப்பக்கம் ஒன்றுதான் என்று. அம்மா சமையலறையிலிருந்து முறைத்தாள். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, இப்போது வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். அந்த இடத்திலேயே எனக்கு ஆளைப் பிடித்துப்போனது.

தையில் கல்யாணம். மாமியாரிடமும் மறைக்கவில்லை. அவர் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வேலை செய்யுமாம். ஒன்று போய்விட்டதால் ஒரு மாதம் உண்டு, மறு மாதம் கிடையாதாம். உண்டு மாதத்தில் என் தட்டில் முருங்கைக்கீரையும் முட்டையும் விழும். கிடையாத மாதத்தில் வெறும் ரசம்.

ஆவடியில் நான் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னார். இருக்கிற ஒன்றே பெரும்பாலும் மாதாமாதம் முட்டையை விடும். ஆனால் ரத்தப் பரிசோதனைப்படி என் முட்டைக் கையிருப்பு வயதுக்குக் குறைவு, அதனால் தள்ளிப்போட வேண்டாம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மாமியாரிடம் சொன்னால், டாக்டருக்கு என்ன தெரியும் என்று போய்விட்டார்.

ஆடி பிறக்கும் முன், என்னை அழைத்துப்போக நசரத்பேட்டையிலிருந்து அப்பா சீர்த்தட்டோடு வந்தார். முதல் ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும். அப்போது கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும். மாமியார் கணக்கில் ஆடி எனக்குக் கிடையாத மாதம் வேறு, போனால் நஷ்டமே இல்லை. என் பெட்டியை அவரே கட்டி ஹாலில் வைத்திருந்தார்.

"நான் வரல நைனா. எங்கிட்ட ஒண்ணுதான் கீது. ஒரு மாசத்தக்கூட சும்மா உட முடியாது."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் ஹாலில் வைத்துப் பேசுவாளா என்று அவர் முகத்தில் ஓடியது. வேறெங்கே வைத்துப் பேசுவதாம்? சித்திரை வெயிலைப் பச்சைப்பிள்ளை தாங்குமா என்று மாமியார் கேட்டார். முதலில் பிள்ளை வரட்டும் அத்தே என்றேன். என் கணவர் எழுந்து வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பீரோ மேல் வைத்தார். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார்.

ஆவணியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. ஸ்கேனுக்கு மாமியாரும் வந்தார். சினைப்பையில் சின்னக் கட்டி மாதிரி ஒன்று தெரிகிறது என்று டாக்டர் சொன்னதும் மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் சினைப்பை கட்டியால் போனதுதானே. டாக்டர் சிரித்தார். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாவது அது, நஞ்சுக்கொடி வளர்ந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும்வரை கருவைத் தாங்கும் ஹார்மோனைச் சுரப்பதே அதுதான், இருக்கட்டும் என்றார்.

"அப்போ ஒத்த ஆளாவே ரெண்டு வேலயும் பாக்குதா?" என்றார் மாமியார்.

அன்றிலிருந்து எல்லா மாதமும் என் தட்டில் முட்டை விழுந்தது.

சித்திரையில், நசரத்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தபோது, மகள் பிறந்தாள். வெயில் சுவரையே சுட்டது; கரண்டும் போய்விட்டது. பார்க்க வந்த மாமியார் பேத்திக்கு விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மா எட்டிப்பார்த்து, ஆடிக்கு மருமகளை அனுப்பவில்லையா என்று இழுத்தாள்.

"நாந்தான் போவாதன்னேன். ஒண்ண வச்சிகினு யாராச்சும் மாசத்த வீணாக்குவாங்களா?"

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் வாசலில் நின்றிருந்த அப்பா முந்திக்கொண்டார்.

"ஆமா, சம்பந்தியம்மா சொல்லித்தான் நான் தனியாத் திரும்பி வந்தேன்."