அம்மாவை எடுக்கும் நேரம்

காலை ஒன்பது மணி. லண்டன் அப்டன் பார்க்கில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் தேநீர்க் கடையில் நானும் என் நண்பன் சேகரும் உட்கார்ந்திருக்கிறோம். மலேசியாவில், ஈப்போவில், இப்போது மாலை. சேகரின் அம்மாவை எடுக்கப்போகிறார்கள். அவன் தங்கை போனில் காட்டுகிறாள். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய இளைய மகன் இவன். கொள்ளிச்சட்டி அண்ணனின் கையில்.

ஓரினச் சேர்க்கையாளர்களின் உரிமைக்காக அங்கே வெளிப்படையாகப் பேசியவன் சேகர். கைதானவர்களுக்கு வக்கீல் தேடிக் காவல் நிலையங்களில் அலைந்தவன். கடைசியில் அவன் மீதே வழக்கு வந்தது. லண்டனில் தஞ்சம் கேட்டு ஆறு வருடமாகிறது. திரும்பினால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள்.

போனில் யாரோ கத்துகிறார்கள். "அவன் மூஞ்சிய இங்க எதுக்குக் காட்டுற?"

படம் அணைகிறது. சேகர் மறுபடி மறுபடி அழைக்கிறான். யாரும் எடுக்கவில்லை.

கடைக்கார அண்ணை அருகில் வருகிறார். "அம்மாவோ? ஏன் தம்பி போகேல்லை, விசா பிரச்சினையோ?"

"இல்லண்ணே. நான் ஆம்பளைய விரும்புறவன். அதுக்குத்தான் கேஸு."

அண்ணை திரும்பி உள்ளே போய்விடுகிறார். சேகர் எழுந்து ஜாக்கெட்டை மாட்டுகிறான். இப்படி முகம் திருப்பியவர்களை நிறையப் பார்த்தவன்.

அண்ணை ஒரு துண்டோடு திரும்பி வருகிறார். "செத்த வீடு பார்த்திட்டுக் குளிக்காமல் போகக்கூடாது தம்பி. மேலதான் எங்கட வீடு. சுடுதண்ணி இருக்கு, போங்கோ."

மாடியில் வெகுநேரம் தண்ணீர் விழுகிறது. அதையும் மீறி அவன் அழுவது கீழே எங்களுக்குக் கேட்கிறது.