எச்சரிக்கை போன முகவரி

அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அவர் என் டீம் லீட், நாகர்கோவில்காரர். நான் ஆபீஸ் இருக்கும் திருவனந்தபுரத்திலேயே, கரமனை. கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்துகொடுக்கும் எங்கள் ஆபீசில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த உரிமையில் "மக்ளே, மக்ளே" என்று தேனொழுகப் பேசுவார்.

பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையின் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. பழைய பேக்கப்களை அழிக்க, டிஸ்க்கில் மிச்சமுள்ள இடத்தைப் பார்த்து தினமும் மெயில் அனுப்ப, இடம் குறைந்தால் எச்சரிக்க என்று தாமாகவே வேலை பார்க்கும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் எழுதி ஓடவிட்டிருந்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியவர் என்று என் மெயில் முகவரி இருக்கும். எச்சரிக்கை போய்ச் சேரும் இடத்திலும் அதே முகவரிதான்.

அவர் மேனேஜராகப் போகிறார் என்ற பேச்சு வந்தது. லீட் இடம் எனக்குத்தான் என்று இருந்தேன். என் ஸ்கிரிப்டுகளே அதற்குப் போதும் என்ற நம்பிக்கை. எம்.டி. முன்னால் அவற்றைத் திரையில் போட்டுக் காட்டியது அவர். "இதெல்லாம் நான் லீவு நாள்ல இருந்து எழுதினதாக்கும்" என்றார். என் முகவரி இருந்த இடத்தில் அவருடையது இருந்தது. அவர் மேனேஜர் ஆனார். என்னை வேறு டீமுக்குத் தள்ளினார்.

ஆனால் அவர் திரையை உருட்டும்போதே ஒன்றைக் கவனித்திருந்தேன். ஒரே அமுக்கில் எல்லா இடத்திலும் முகவரியை மாற்றியிருந்தார், எச்சரிக்கை போகும் இடம் உட்பட. இனி அந்த சர்வர் அவரிடம்தான் முறையிடும். சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கரமனை வரும்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

ஓணம் விற்பனை சூடுபிடித்தபோது டிஸ்க் நிறைந்தது. ஜவுளிக்கடையில் கூட்டம் முட்டி மோத, பில் போட முடியாமல் எல்லா கவுன்ட்டரும் நின்றன. எம்.டி. மேனேஜரையும், முன்பு அந்த சர்வரைப் பார்த்தவள் என்று என்னையும் கூப்பிட்டார். மலையாளிதான், எங்கள் கலப்புத் தமிழ் அவருக்கு நன்றாகவே புரியும்.

"எந்தா அலர்ட் வராஞ்ஞது?" ஏன் எச்சரிக்கை வரவில்லை என்று கேட்டார்.

"ஒண்ணும் வரல்ல சார்" என்றார் மேனேஜர். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "சத்யத்தில் அந்த ஸ்கிரிப்ட் எழுதினது இந்தக் குட்டியாக்கும்."

இதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்து நின்றேன். "ஆமா சார், நான் எழுதினதுதான். இப்போ அவரோட மெயிலை இங்க திறக்கச் சொல்லுங்கோ."

திறந்தார். தினமும் வரும் தொல்லை என்று அந்த சர்வரின் மெயில்களைத் தனி ஃபோல்டருக்கு ஒதுக்கியிருந்தார். திரை முழுக்க எச்சரிக்கைகள். ஒன்றைக்கூடப் படித்திருக்கவில்லை. அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

டிஸ்க்கில் இடம் உண்டாக்கிக் கடையை ஓட வைத்தேன். லீட் பதவி எனக்கு வந்தது. ஸ்கிரிப்டுகளின் தலையில் என் முகவரியைத் திரும்பப் போட்டேன், அவை அனுப்பும் மெயிலிலும் அது வரும்படி. எச்சரிக்கை போகும் இடத்திலும் என்னுடையதைச் சேர்த்தேன். அவருடையதை மட்டும் எடுக்கவில்லை.

இன்றும் தினமும் காலையில் அவருக்கு அந்த மெயில் போகிறது. எழுதியது யார் என்று முதல் வரியிலேயே இருக்கும்.