பெரட்டு மணி ஓயும் முன்னே

கல்லுமலை ரப்பர் தோட்டத்தில் குழந்தைவேலு நடந்து போவதைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. தோட்டத்து ஆபீசுக்கும் சுங்கைப்பட்டாணி தபாலாபீசுக்கும் பை தூக்குகிற வேலை அவனுக்கு. சைக்கிள் தருகிறேன் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னபோதுகூட வேண்டாம் என்றுவிட்டான். பையை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு லயத்து வரிசை வீட்டு வாசலில் ஓட்டம் பிடித்தால், பாக்கார் ஆராங்கில் ஷம்சுதீன் பாய் கடைக்கு முன்னால்தான் நிற்பான்.

"ஏன் தம்பி, பின்னால புலி ஏதும் வருதா?" என்பார் பாய், கோப்பியை ஆற்றிக்கொண்டே.

"கள்ளுக்கடை வருது பாய். நின்னா பிடிச்சுக்கும்."

விளையாட்டாகச் சொன்னாலும் அவன் மனசில் இருந்தது அதுதான். அவன் அப்பன் கள்ளுக்கடை வாசலிலேயே விழுந்து செத்தவர். தோட்டத்து இளவட்டங்கள் வேலை முடிந்ததும் அதே வாசலில் போய் நிற்பதைப் பார்த்தால் குழந்தைவேலுவுக்கு வயிறு எரியும். ஒருநாள் நேரே அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்றான். "ஒரு மாசம் எங்கூட ஓடுங்கடா. அப்புறமும் நாக்கு கள்ளு கேட்டா நானே வாங்கித் தரேன்" என்றான். சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தனான பிச்சை மட்டும் மறுநாள் வந்தான். பிச்சையைப் பார்த்து இன்னொருத்தன் வந்தான். வருஷம் திரும்புவதற்குள் சாயங்காலம் ஆனால் ஒரு கூட்டமே மலையைச் சுற்றிப் போகும் சடக்கில் ஓடியது. லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி ஆள் சேர்த்தான். ரத்தம் சுத்தமாகும், நெஞ்சு விரியும், காய்ச்சல் அண்டாது என்று பெற்றவர்களிடம் மூச்சுவிடாமல் பேசுவான்.

வெள்ளைக்காரத் துரை ஒருநாள் காரை நிறுத்திப் பார்த்தார். "எனக்குப் பால் வெட்ட ஆள்தான் வேணும், பந்தயக் குதிரை வேணாம்" என்று கிராணியிடம் சொல்லிவிட்டுப் போனார். கிராணி அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். குழந்தைவேலுவுக்கு அது முள்ளாகத் தங்கிவிட்டது.

ஊரையே ஓடவைத்தவனால் ஒருத்தனை மட்டும் அசைக்க முடியவில்லை. அவன் மனைவி மருதம்மாளின் தம்பி அழகேசன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. மருதம்மாள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணம் ஆகி வந்தபோது அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வளர்ந்து பால் வெட்டுகிற ஆள் ஆகிவிட்டான். நல்ல கை. ஆனால் நடை மட்டும் அன்னநடை.

"நாய்கூட சும்மா ஓடாது மச்சான். ஒண்ணு அது எதையாச்சும் துரத்தணும், இல்ல அத எதாச்சும் துரத்தணும்."

"உன்ன சோம்பேறித்தனம் துரத்துதுடா."

"அதுவும் மெதுவாத்தான் வருது, பயமில்ல."

மருதம்மாள் அடுப்படியில் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். "விடுங்க. அவன் கால் அவனோடது" என்பாள்.

ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் ஏறிப் பினாங்குப் பக்கம் போனவர்தான். பால் வாங்க ஆளில்லாமல், மரத்தில் கட்டிய பால் மங்குகளில் மழைத் தண்ணீர் நின்றது. அரிசி போய் மரவள்ளி வந்தது. வேட்டி போய்ச் சாக்கு வந்தது. தபால் பையும் நின்றுவிட்டது. இருந்தாலும் குழந்தைவேலு ஓட்டத்தை விடவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு எப்படி ஓடுவது என்று கேட்டவர்களிடம், "ஓடாம இருந்தா மட்டும் சோறு வந்துருமா?" என்று கேட்டான்.

ஒருநாள் சாயங்காலம் ஜப்பான் ஆபீசர் ஒருத்தன் களத்தோரம் நின்று அந்த ஓட்டத்தைப் பார்த்தான். குட்டையான ஆள், மூக்குக்கண்ணாடி. கடைசி ஆள் வந்து சேரும்வரை நின்றான். பிறகு கை தட்டினான். குழந்தைவேலுவைக் கூப்பிட்டு, கிராணி மூலமாகப் பேசினான்.

"இந்த மாதிரி இளைஞர்கள்தான் நாட்டுக்கு வேணுமாம். வெள்ளைக்காரன் உங்களக் கள்ளு குடுத்துக் கெடுத்துட்டான்றாரு" என்றார் கிராணி. குதிரைக் கதையைச் சொல்லிச் சிரித்த அதே வாய்.

ஆபீசர் ஒரு வெள்ளைத் துணிப் பட்டையை எடுத்து அவன் கையில் கட்டினான். கழுத்தில் ஒரு விசிலை மாட்டினான். அன்றைக்குக் குழந்தைவேலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணி வற்றப் பேசியதை ஒரு துரை காது கொடுத்துக் கேட்டுவிட்டான். அதன்பிறகு பக்கத்துத் தோட்டங்களுக்கும் போனான். விடியற்காலையில் விசில் ஊதி, ஜப்பான் பாஷையில் இச்சி, நி, சான் என்று எண்ணிக் கையைக் காலை ஆட்டவைத்து, பிறகு ஓடவிட்டான்.

ஷம்சுதீன் பாய்க்கு அது பிடிக்கவில்லை. கடையில் சாமான் இல்லாத நாள். வெறும் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எனக்கு ஓட்டமும் தெரியாது ஆட்டமும் தெரியாது. ஆனா கடை ஸ்டேஷனுக்குப் போற வழியில இருக்கு. ஆளுங்கள ஏத்திக்கிட்டு ரயில் வடக்க போவுது. திரும்புறப்போ காலியா வருது. மாடு வாங்குறவன்கூட முதல்ல ஓடவிட்டுத்தான் பார்ப்பான் லா."

"என் புள்ளைங்க மாடு இல்ல பாய்" என்றான் குழந்தைவேலு. கோப்பியைக் குடிக்காமலேயே எழுந்து வந்துவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் மருதம்மாளுக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அரிசிச் சோறு தின்றால் வடியும் என்றார்கள். அரிசிக்கு எங்கே போக? அழகேசன் அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "இந்த ரெண்டு கால்லயும் மரத்துல மாதிரி கோடு போட்டுப் பால் வெட்டலாம் போல இருக்கேக்கா" என்பான். அவள் சிரிப்பாள். அவன் வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொள்வான்.

ஆபீசர் பந்தயம் வைக்கப்போவதாகச் சொன்னான். மலைச் சடக்கைச் சுற்றி வந்து பெரட்டுக் களத்துக்குள் நுழைய வேண்டும். ஜெயித்தவன் வீட்டுக்கு அரிசி.

பெரட்டு என்றால் விடியுமுன்னே வேலையாட்கள் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பது. களத்து மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். கங்காணி அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். சத்தம் ஓயும் முன்னே களத்துக்குள் கால் வைத்தவனுக்கு அன்றைக்கு வேலை. ஓய்ந்தபின் வந்தவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கூலியும் கிடையாது, அரிசியும் கிடையாது. பிள்ளை பெற்றுக் கிடக்கிறவள்கூட அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அது தோட்டத்து ஆள்களின் எலும்புக்குள் இருந்த சத்தம். ஆபீசருக்கு இதைக் கிராணி சொன்னாரோ, அவனே பார்த்துத் தெரிந்துகொண்டானோ, பந்தயத்துக்கும் அதையே வைத்தான். முதல் ஆள் வந்ததும் மணி அடிக்கத் தொடங்கும். ஆபீசர் கை தூக்கும்போது நிற்கும். அதற்குள் களத்துக்கு வந்தவன் ஜெயித்தவன்.

பந்தயத்தன்று காலை அழகேசன் சாக்குத் துணியை வரிந்து கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"என்னடா, வழி தவறிட்டியா?" என்றான் குழந்தைவேலு.

"அக்காவுக்கு அரிசி வேணும். இன்னிக்கு ஒரு நாள் நாயாப் பொறந்துக்கறேன்."

குழந்தைவேலு விசில் ஊதினான். கூட்டம் மலைப் பக்கம் மறைந்தது. களத்து வாசலில் ஒரு கயிற்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரெண்டு சிப்பாய்கள் நின்றார்கள். ஓரத்தில் ஒரு லாரி. நெடுநேரம் கழித்துப் பிச்சை முதல் ஆளாக வந்தான். கங்காணி மணியை அடித்தார். ஒவ்வொருத்தராக உள்ளே வந்து விழுந்தார்கள். குழந்தைவேலு ஒவ்வொரு முதுகிலும் தட்டினான். அழகேசனைக் காணவில்லை.

கடைசி வளைவில் தெரிந்தான். அவன் ஓடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி நடந்துதான் வந்தான். மச்சானைப் பார்த்ததும் சிரிக்கவும் சிரித்தான். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தான்.

குழந்தைவேலுவால் நிற்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி ஓடினான். "அரிசிடா, அழகேசா. அக்காவுக்கு அரிசிடா. மணி நிக்கப்போவுது" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"வரேன் மச்சான், கையப் பிச்சுடாதீங்க" என்றான் அவன். ரெண்டு பேரும் களத்துக்குள் விழுந்தார்கள். ஆபீசர் கையைத் தூக்கினான். மணி ஓய்ந்தது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் கயிறு இறங்கியது.

பிந்தி வந்து கயிற்றுக்கு வெளியே நின்றுவிட்டவர்களில் ஒருத்தன் மண்ணை அள்ளித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு அழுதான்.

அரிசியைப் பால் டின்னில் அளந்து கொடுத்தார்கள். பொய் இல்லை, நல்ல அரிசி. ஜெயித்தவர்கள் சுங்கைப்பட்டாணியில் பெரிய பந்தயத்துக்குப் போகிறார்கள், பொழுது சாய்ந்தால் திரும்பிவிடுவார்கள் என்றார் கிராணி. எல்லாரும் லாரியில் ஏறினார்கள். குழந்தைவேலுவும் காலைத் தூக்கி வைத்தான். சிப்பாய் அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினான்.

"நீ இங்கயே இருக்கணுமாம்" என்றார் கிராணி. "மத்தவங்கள ஓடப் பழக்கணுமாம்."

லாரி கிளம்பியது. அழகேசன் பின்பலகையில் சாய்ந்துகொண்டு, "மச்சான், சோத்த முழுசா முடிச்சுடாதீங்க லா" என்றான்.

அன்று அவர்கள் சோறு தின்றார்கள். வெறும் உப்பு போட்டுத்தான். மருதம்மாள் ஒவ்வொரு பருக்கையாக எடுத்துத் தின்றாள். தம்பி பங்கை ஒரு சட்டியில் போட்டுச் சிரட்டையால் மூடிவைத்தாள். பொழுது சாய்ந்தும் லாரி வரவில்லை. காலையில் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றினாள். மத்தியானம் வரை வாசலைப் பார்த்தாள். சோறு புளிக்கத் தொடங்கியது. அரிசிச் சோற்றைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? அவளே குடித்துவிட்டாள். குடித்து வாய் துடைக்குமுன் ஷம்சுதீன் பாய் வாசலில் வந்து நின்றார். கடையை விட்டு நகராத மனுஷர். தொப்பி கையில் இருந்தது.

"தம்பி, உன் புள்ளைங்கள ஸ்டேஷன்ல உட்கார வச்சிருக்காங்க. சயாமுக்காம். ரயில் ரோடு போடவாம்."

குழந்தைவேலு ஓடினான். வாழ்க்கையில் அவன் அப்படி ஓடியதில்லை. பாக்கார் ஆராங்கில் நிற்காமல் ஓடினான். ஸ்டேஷனில் பிளாட்பாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். தண்டவாளத்தின் மேல் கொஞ்ச தூரம் ஓடினான். அப்புறம் நின்றுவிட்டான்.

திரும்பி வந்தபோது மருதம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைத் திட்டவில்லை.

"நேத்து மணி அடிச்சது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். "நிக்கறதுக்குள்ள அவன் உள்ள போயிடணும்னு முனியாண்டிய வேண்டிக்கிட்டே இருந்தேன்."

தான் கையைப் பிடித்து இழுத்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அவளும் கேட்கவில்லை.

விசிலைக் கக்கூசில் போட்டான். ஓடப் பழக்க ஆள் வேண்டியிருக்கவும் இல்லை. அடுத்த தடவை சிப்பாய்கள், மரவள்ளி நடக் கூப்பிட்ட விடியற்காலைப் பெரட்டுக்கே நேராக வந்து, நின்றவர்களில் பாதியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவன் மட்டும் அன்றைக்கும் பிந்திப் போனான், தப்பித்தான். "நீ ஓடவைக்காட்டியும் பிடிச்சுத்தான் இருப்பான் வேலு" என்று லயத்தில் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். தண்டவாளத் துண்டு பழையபடி ஒலித்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். பிச்சை வந்தான், ஒரு காலில். மற்றது முழங்காலுக்குக் கீழே இல்லை. குழந்தைவேலு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிச்சையே சொன்னான்.

"அங்கயும் மணிதாண்ணே. சத்தம் கேட்டா நாங்க பழக்க தோஷத்துல ஓடிப்போய் முன்னால நிப்போம். முன்னால நின்னவனுக்குக் கல்லு ஒடைக்கிற வேல. அழகேசன் மட்டும் மெதுவாத்தான் வருவான். தினம் அடிதான். ஓடி வந்துடேன்டா, அடியாச்சும் மிச்சமாகும்னு சொல்வேன்."

"என்ன சொன்னான்?"

பிச்சை தன் காலைத் தடவினான்.

"மச்சான் பேச்சக் கேட்டு ஒரு நாள் ஓடினேன், போதும்னான். சிரிச்சுக்கிட்டேதாண்ணே சொன்னான். அப்புறம் வாந்திபேதி வந்துச்சு. மழைக்காலம்."

குழந்தைவேலு எழுந்து வீட்டுக்கு வந்தான். மருதம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பை ஊதினாள்.

அதற்குப்பின் அவனுக்குத் தபால் வேலை வேண்டியிருக்கவில்லை. பால் வெட்டுகிற வேலைக்குப் பேர் பதிந்துகொண்டான். தினமும் விடியுமுன் எழுந்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பான். மணி அடிக்கும். லயமே வாரிச் சுருட்டிக்கொண்டு அவன் முன்னால் ஓடும். மருதம்மாளும் வீங்கி வற்றிய காலை இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு போவாள். சத்தம் முழுசாக ஓயும்வரை அவன் அசையமாட்டான். ஓய்ந்த பிறகுதான் எழுந்து நடப்பான்.

"பெரட்டு முடிஞ்சுபோச்சு வேலு. வீட்டுக்குப் போ" என்பார் கங்காணி.

"சரிங்க" என்று திரும்பி நடப்பான்.