மாட்டுத் தரகரின் கீழுதடு

என் பீரோவில் துணிகளுக்கு அடியில் என்னுடைய படம் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் யாருக்கும் அதைக் காட்டியதில்லை. வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு அருகே ஒரு மிருகாசுபத்திரியில் நான் ஆய்வாளராக இருந்தபோது, புதிதாக வேலைக்கு வந்த டாக்டரம்மா முதல் நாளே வரைந்தது. அன்று நான் வாய் நிறையச் சிரித்து, வணக்கம் சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். படத்திலும் அந்தச் சிரிப்பு இருக்கிறது. கூடவே, 'இந்த அம்மா எத்தனை மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு கிளம்புவார்' என்று யோசிக்கிற ஒருவனும் அச்சு அசலாக அதற்குள் உட்கார்ந்திருக்கிறான்.

டாக்டரம்மா ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். என் வயதுதான் இருக்கும். பழகியவர்களை வரைய மாட்டார். முன்பின் பார்த்திராதவர்கள்தான் அவருக்கு வேண்டும். ஆட்டை ஓட்டி வந்தவர், கோழிக்கு மருந்து கேட்டு வந்தவர், மழைக்கு ஒதுங்கியவர் என்று யாராக இருந்தாலும் பத்து நிமிடம் பேச்சுக் கொடுப்பார். மதியம் கூட்டம் குறைந்ததும், பழைய கோமாரி நோய் விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் வண்ணம் குழைத்து அவர்களை வரைவார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நெற்றிக்கு நடுவே மறுபக்க விளம்பரத்தின் மாட்டுக் குளம்பு தெரியும். "மூஞ்சி என்னத்தக் காட்டுதுன்னு போட்டோவே சொல்லிரும் சார். அது என்னத்த மறைக்குதுன்னுதான் நான் பாக்கேன்" என்பார். முதலமடையிலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு, எங்களை அதட்டிக்கொண்டே வந்தார். படத்திலோ அவர், யாராவது தன்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நாய்க்கு ஊசிகூடப் போடாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சந்தையில் பேர்போன தரகர் ஒருவர் இருந்தார். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். விரல் பேசும்போது முகம் ஊமையாக இருக்க வேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மாடு அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தைப் பார்ப்பதும் சரி, சுவரைப் பார்ப்பதும் சரி. அவரே ஒருநாள் வந்து நின்றார்.

"ஏனுங்க டாக்டரம்மா, என்னையும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க. புது ஊட்டுல மாட்டோணும். மீசை நல்லா வரோணுமுங்க."

"படம் பிடிக்கலன்னா சண்டைக்கு வரக் கூடாதுண்ணே."

"எம்மூஞ்சில என்னங்க இருக்குது, சண்டை போடறதுக்கு?" என்றார் தரகர் பெருமையாக.

டாக்டரம்மா அன்று சந்தைக்கே போய், அவர் ஒரு செவலைக் கிடாரியைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார். மீசை கம்பீரமாக வந்திருந்தது. கண், நெற்றி, கன்னம் எல்லாம் கல். கீழுதட்டின் இடது ஓரம் மட்டும் லேசாக உள்ளே மடிந்திருந்தது. அந்த ஒரு மடிப்பால் மொத்த முகமும், மிட்டாய்க் கடை வாசலில் நின்று, கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிற பிள்ளையின் முகமாகிவிட்டது.

காயட்டும் என்று படத்தை வராந்தாக் கொடியில் மாட்டியது நான்தான். அன்று சாயங்காலத்துக்குள் சந்தையே வந்து பார்த்துவிட்டது. அடுத்த வாரம் தரகர் மாட்டைப் பார்த்தார், விற்க வந்தவர் தரகரின் உதட்டைப் பார்த்தார். உதடு மடிந்தால் விலை இறங்காது. ஊரே முகக்கவசத்தை மறந்துவிட்ட காலத்தில் அவர் மட்டும் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். கேட்டால், "தூசிங்க." கவசத்தை மேலே இழுத்துவிட்டாலே மாடு பிடித்துவிட்டது என்று அர்த்தமாயிற்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு ஒருநாள் தரகர் ஆசுபத்திரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. "முப்பது வருசமா இந்த மூஞ்சிய வெச்சுத்தானுங்க கஞ்சி குடிக்கறேன். அந்த ஒதட்ட மட்டும் நேராக்கி உடுங்க" என்றார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா வண்ணம் குழைத்தார். தூரிகை உதட்டுக்கு அருகே போய் நின்றுவிட்டது. "தெரியாத ஆளத்தானே வரையிறோம், அவுகளுக்கு என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன் சார்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். தரகர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன இருந்தாலும் முகம் பார்த்துப் பிழைத்தவர்.

"உடுங்கம்மா. உங்களுக்கு மனசு வரல. மாட்ட வித்துப்போட்டுக் கயித்தக் குடுக்க முடியாம நிக்கறவனாட்ட நிக்கறீங்க."

மறுநாள் அவர் தன் மனைவியோடு வந்தார். ஊரே சிரிக்கிற படத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றாராம் அந்த அம்மா. வம்பு வரப்போகிறது என்று நான் கத்தரிக்கோலை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அந்த அம்மா படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது எங்கூட்டுக்காரரேதானுங்க. என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இப்புடித்தான் உக்காந்திருந்தாரு. யாரோ கட்டாயப்படுத்திக் கூட்டியாந்த மாதிரி மூஞ்சி. ஒதடு மட்டும் உள்ள மடிஞ்சு கெடந்துச்சு. அதப் பாத்துப்போட்டுத்தான் நானு சரின்னேன்."

தரகர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அக்கா, உங்கள ஒண்ணு வரையட்டுமா?"

"ஐயோ, வேண்டாமுங்க. எம்மனசுல இருக்கறது படமா வந்துச்சுன்னா இவரு ஊட்டுக்குள்ளயே கால் வெக்க மாட்டாரு."

படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மா முன்னால் நடந்தார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு தரகர் பின்னால் போனார்.

டாக்டரம்மா இப்போது மாறுதலாகி மலைக்குப் போய்விட்டார். நான் நினைத்ததைவிட அதிக காலம் அங்கே இருந்தார், நான் நினைத்ததைவிட அதிகமாக மனசு அவரைத் தேடுகிறது. போன மாதம் சந்தைப் பக்கம் போயிருந்தேன். தரகர் கவசமில்லாமல் ஒரு கறவை மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு, உதடு மடிய, தாராளமாக அதை ரசித்துக்கொண்டிருந்தார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தது அவர் மனைவி. விற்க வந்தவர் அந்த அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.